மிதி நின்றதும் எழும் சத்தம்

"பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும்" என்பது பழைய சைக்கிள்களைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் கேலி. அந்த மற்றதில் ஒன்று மட்டும் நேற்று வாங்கிய புதுச் சைக்கிளிலும் சத்தம் போடும். மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் விட்டால் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு டிக்டிக் எழுகிறது. வேகம் கூடினால் அதுவே கிர்ரென்று ஒரே இழையாகிவிடுகிறது. மறுபடி மிதித்தவுடன் நின்றுபோகிறது.

இந்தச் சத்தம் குறையா, குணமா? எண்ணெய் விட்டு அடக்க வேண்டியதா, அப்படியே விட வேண்டியதா? கேள்வி சிறிது. ஆனால் ஒன்றேகால் நூற்றாண்டாக இதற்குப் பதில் சொல்லி வருகிறவர்கள் பல வகைப்பட்டவர்கள்: மாட்டுவண்டிப் பழக்கத்திலிருந்து வந்தவர்கள், சைக்கிள் கடைக்காரர்கள், ஜெர்மானிய, ஜப்பானியப் பொறியாளர்கள், கடைசியாக, சத்தத்தையே விலைக்கு விற்கத் தெரிந்த அமெரிக்க உற்பத்தியாளர்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நீளும் கரிசல் வானம்பார்த்த பூமியில் நின்று இந்தப் பதில்களைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரத்தின் நடுவில் இந்தச் சத்தத்தை எழுப்பும் பிரீவீல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதற்குள் போகும் மண் ஊருக்கு ஊர் வேறு. வெளியூர்ப் பதில்கள் பலவும் தார்ச்சாலையையும் மழைநீரையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கரிசலுக்கு அவை அப்படியே பொருந்துமா என்பது தனியே பார்க்க வேண்டியது.

நாக்கும் பல்லும்

பிரீவீல் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அன்றைய சைக்கிளில் சக்கரம் சுற்றும்வரை மிதிகட்டையும் சுற்றியே தீரும். இறக்கத்தில் மிதிகட்டை காலை அடித்துவிடும் என்பதால், காலைத் தூக்கி வைத்துக்கொள்ள முன் கவையில் சிறு முளைகள் பொருத்தியிருந்தார்கள். 1869-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் வான் ஆண்டன் என்பவர் இதற்கு ஒரு மாற்றைக் கண்டு காப்புரிமை பெற்றார். மிதி முன்சக்கரத்திலேயே இருந்த காலம் அது. அவருடைய அமைப்பும் முன்சக்கரத்தின் ஹப்புக்குள்தான் இருந்தது. பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் சைக்கிளில் பிரீவீல் பரவலானது 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில். சைக்கிள் பணக்காரர் பொருளாக இருந்த நிலை மாறி நம் ஊர்களுக்குள் வந்தபோது பிரீவீலோடுதான் வந்தது. ஆகவே சத்தம் போடாத பின்சக்கரம் என்பது இங்கே பலருக்கும் பழக்கத்தில் இல்லாத ஒன்று.

உள்ளே இருப்பது அதிகமில்லை. பிரீவீலின் முகமூடிக்கு இடப்புரி. அதில் இரண்டு குழிகள் இருக்கும். இரும்புப் பஞ்ச் ஒன்றை வைத்துத் தட்டினால் வலப்பக்கமாகச் சுற்றிக் கழலும். கழன்றதும் மிளகைவிடச் சிறிய குண்டுகள் கொட்டும். கீழே தட்டு வைக்க மறந்தவர் தரையைத் தடவ வேண்டியதுதான். வெளி வளையத்தின் உட்சுவரில் ரம்பம்போல ஒரு பக்கம் சாய்ந்த பற்கள். உள் உருளையில், சாதாரண வண்டி என்றால் பெரும்பாலும் இரண்டே இரண்டு இரும்புத் துண்டுகள், சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொன்றையும் மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். இந்தத் துண்டைக் கட்டுரை நெடுக நாக்கு என்றே சொல்வோம். மிதிக்கும்போது பல்லின் செங்குத்தான முகம் நாக்கில் முட்டிச் சக்கரத்தைத் தள்ளுகிறது. மிதி நின்றால் சக்கரமும் அதனோடு நாக்குகளும் ஓடிக்கொண்டே இருக்க, நாக்கு பல்லின் சாய்வில் ஏறி விளிம்பைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழுகிறது. விழும் அந்த அடிதான் டிக்.

உட்பற்கள் 20 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் 4 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பத்து டிக். காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறியும். 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்காமல் விட்டால் வினாடிக்கு 38. வினாடிக்கு இருபதைத் தாண்டிய தட்டல்களை மனிதக் காது ஒன்றாகக் கோத்துவிடும் என்பதால் அது கிர்ரென்று கேட்கிறது. ஒரே சத்தத்தின் இரண்டு வேகங்கள் இவை. இரண்டு கோளாறுகள் அல்ல.

இந்த அமைப்பின் போக்கைச் சோதிக்க இன்னொரு எளிய வழி, வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது. சத்தமே வராது. ஆனால் மிதிகட்டை பின்னால் சுற்றி முழங்காலுக்குக் கீழே ஒரு அடி போடும். நாக்கு பல்லைப் பிடித்துவிட்டது என்பதற்கு அந்த அடியே சாட்சி.

மசகுக் கட்சி

முதலாவதும் மிகப் பரவலானதுமான பதில் இது: சத்தம் வந்தால் எண்ணெய் இல்லை. இந்தப் பதில் சைக்கிளைவிட மூத்தது. மாட்டுவண்டியின் அச்சும் குடமும் உராயும் இடத்துக்கு மசகு போடாவிட்டால் வண்டி ஊரைக் கூட்டும். அதற்காகவே வண்டிக்கு அடியில் மசகுக் குழாய் தொங்கும். கிணற்றுக் கமலையின் உருளைக்கும் இதே வைத்தியம். இரும்பும் மரமும் கத்தினால் பசி என்று பொருள், ஊட்டினால் அடங்கும். தலைமுறை தலைமுறையாக உறுதிப்பட்ட இந்த அறிவு, சைக்கிள் வந்ததும் அதன் பின்சக்கரத்துக்கு இடம் மாறியது என்று கொள்ளலாம்.

இதில் பாதி சரி. எண்ணெய் விட்டால் டிக் தணியும். நாக்கு விழும் அடியை எண்ணெய்ப் படலம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் மாட்டுவண்டி அச்சில் இரண்டு பரப்புகள் உராய்கின்றன; அங்கே எவ்வளவு கெட்டியான மசகு போட்டாலும் நல்லதுதான். பிரீவீலில் உராய்வு இரண்டாம் பட்சம். அங்கே முக்கியமான வேலை, நாக்கு வினாடிக்குப் பலமுறை துள்ளி வெளியே வருவது. மயிரிழை ஸ்பிரிங்குக்குக் கெட்டி கிரீஸைத் தள்ளிக்கொண்டு வரும் வலு கிடையாது. கிரீஸ் அப்பிய பிரீவீல் அழகாக மௌனமாகும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது, அல்லது கேரியரில் ஐம்பது கிலோ மூட்டையோடு வண்டியை நகர்த்த முதல் மிதியை அழுத்தும்போது, நாக்கு பல்லைப் பிடிக்காமல் வழுக்கும். மிதி சட்டென்று வெறுமையில் இறங்கும். முழங்கால் ஹேண்டில் பாரில் போய் மோதும். மசகுக் கட்சியின் பெரிய பலவீனம் இதுதான்: மௌனத்தை ஆரோக்கியமாக எண்ணிக்கொள்கிறது.

எந்த எண்ணெய் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. வீட்டில் கையில் கிடைக்கும் விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாளாக ஆகப் பிசுபிசுப்பேறி நாக்கை ஒட்டவைக்கும். மோட்டார் மெக்கானிக் கடையிலிருந்து வாங்கிவரும் வேஸ்ட் ஆயில் இலவசம்தான். ஆனால் அது தன் பங்குக்குக் கரியையும் இரும்புத் துகளையும் கொண்டுவரும். மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்துத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுவது என்ற பழைய கடை வழக்கம், இயங்குமுறையை வைத்துப் பார்த்தால் பொருத்தமான விடை. மண்ணெண்ணெயால் அலசியதோடு நிறுத்திவிட்டால் மட்டும் அது பாதி வைத்தியம். அழுக்கோடு எண்ணெயும் போய்விடுவதால் இரும்பு வெறுமையாகி, மழையில் துருப்பிடிக்கும்.

கரிசல் புழுதியும் கரிசல் சேறும்

கரிசலின் குணம் அதன் களியில் இருக்கிறது. நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களி அது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இயங்கி வருகிறது என்பதே இந்த மண் எவ்வளவு தனிக் கவனம் கேட்பது என்பதற்கு அடையாளம். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தாயாக இருக்கும் அதே களி, சைக்கிளுக்கு மாற்றாந்தாய்.

ஐப்பசி, கார்த்திகையில் வண்டிப்பாதையில் சைக்கிள் இறங்கினால் பத்தடிக்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரம் நிற்கும். குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைத் தோளில் ஏற்ற வேண்டும். சைக்கிள் மனிதனைச் சுமப்பதற்குப் பதில் மனிதன் சைக்கிளைச் சுமக்கும் இந்தக் காட்சி கரிசல்காட்டுக்குப் புதிதல்ல. சக்கரம் சுற்றாதபோது பிரீவீல் சத்தம் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் சேறு காய்ந்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. பிரீவீல் முகமூடியின் இடுக்கில் புகுந்த களி, அங்கே இருக்கும் எண்ணெயோடு குழைந்து ஒரு பசையாகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். களிமண் தாதுக்கள் மென்மையானவை. எஃகைத் தனியாக அரித்துவிடும் கடினம் அவற்றுக்கு இல்லை. அரிப்பது மணல், குறிப்பாகக் குவார்ட்ஸ் மணல். கோவில்பட்டி இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம், செம்மணல் மேடுகளான தேரிகள் இருக்கின்றன. அங்கே ஓடும் சைக்கிளின் முதல் எதிரி மணலின் அரம். கரிசலில் ஓடும் சைக்கிளின் முதல் எதிரி களியின் ஒட்டு. தேரிப் பக்கத்துப் பிரீவீல் தேய்ந்து கத்தும், கரிசல் பக்கத்துப் பிரீவீல் ஒட்டி ஊமையாகும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. கரிசலிலும் சுக்கான்கல் நொறுங்கல் உண்டு, சாலையோரத்தில் கிரஷர் தூசி உண்டு. ஆகவே இந்தப் பிரிவினையைக் கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் 'சத்தம் வந்தால் எண்ணெய் விடு' என்ற விதி கரிசலில் தலைகீழாக வேலை செய்யக்கூடும் என்பதை இது காட்டுகிறது. எண்ணெய் அதிகமாக அதிகமாக, ஒட்டும் களியும் அதிகமாகும்.

மௌனத்துக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. களியும் துருவும் சேர்ந்து குண்டுகள் ஓடும் தடத்தை அடைத்தால் பிரீவீல் சுற்றவே சுற்றாமல் இறுகிப்போகும். அப்போதும் டிக் கேட்காது. மிதியை நிறுத்தினால் சக்கரம் செயினை இழுத்துக்கொண்டு ஓடும், மேல் செயின் தொய்ந்து கழலும், மிதிகட்டை தானாகச் சுற்றும். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய சைக்கிளை ஓட்டும் அனுபவம் கட்டணமில்லாமல் கிடைக்கும். ஆக ஊமையான பிரீவீல் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்: நன்றாக எண்ணெய் கண்டது, நாக்கு உள்ளே ஒட்டியது, மொத்தமாக இறுகியது. காது இந்த மூன்றையும் பிரித்தறியாது. காலும் கையும்தான் அறியும்.

சத்தங்களைப் பிரித்தறியும் வேலையைத் தமிழ் ஓரளவு முன்பே செய்துவைத்திருக்கிறது. பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியமே பேசுகிறது. டிக்டிக் என்பது நாக்கின் சத்தம். கரகர என்பது குண்டுத் தடத்தில் மண். கடகட என்பது ஹப்பின் கோன் தளர்ந்து அச்சு ஆடுவது, அல்லது செயின் கவர் தகரம். கிரீச்கிரீச் என்பது காய்ந்த செயின். பின்சக்கரச் சத்தம் என்று பொதுவாகப் பேசும்போது இந்த நான்கும் ஒரே பெயரில் கலந்துபோகின்றன. சத்தம் குறை என்பவர் கரகரவை மனத்தில் வைத்துப் பேசுகிறார். சத்தம் குணம் என்பவர் டிக்டிக்கை. சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

சத்தமே காவல் என்போர்

மிதிக்காமல் விடும்போது எழும் சத்தம் எதிரே வருபவரை எச்சரிக்கும், ஆகவே அது இருக்கட்டும் என்பது இன்னொரு பதில். இதற்கும் இங்கே பழைய வேர் உண்டு. இரவில் போகும் வண்டி மாட்டின் கழுத்து மணி அலங்காரத்துக்கு மட்டும் கட்டப்பட்டதல்ல. வண்டிக்காரர் தூங்கினாலும் மணி விழித்திருக்கும். அண்மைக் காலத்தில் இந்த வாதத்துக்கு எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. மின்சாரக் கார்கள் ஓசையின்றி வருவதால் நடப்பவர்களுக்கு ஆபத்து என்று கருதி, 2019 ஜூலை முதல் புதிய வகை மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 20 கிலோமீட்டர் சைக்கிளின் வேகமும்தான்.

கரிசல் நிலத்தில் இந்த வாதம் இரவில் வலுப்பெறுகிறது. மரமில்லாத வெட்டவெளி, மேகமில்லாத வானம். பொழுது சாய்ந்ததும் தரை வேகமாகக் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருப்பது இன்னும் சூடாகவே இருக்கும். ஒலி அப்போது மேல்நோக்கிச் சிதறாமல் தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். பகலில் காந்தும் தரையின் மேல் இதற்கு நேர்மாறாக ஒலி மேலே வளைந்து அருகிலேயே மங்கிவிடும். இரவில் எங்கோ போகிற சைக்கிளின் கிர்ர் ஊருக்குள் கேட்பது கற்பனையல்ல.

ஆனால் ஆடி மாதத்துக் காற்றில் இந்தக் காவல் காணாமல் போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் எவ்வளவு வலுவாக வீசும் என்பதற்கு அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சான்று. அந்த இரைச்சலில் பெல்லே கேட்பது அரிது. தவிர, காற்றுக்கு எதிரே மிதிக்காமல் விட்டால் இந்தச் சமதளத்தில் வண்டி பத்தடி தாண்டாது. டிக் கேட்க வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டுமே.

இதைவிட ஆழமான பலவீனம் ஒன்று உண்டு. எதிரே ஆளைக் கண்டவர்தான் மிதிப்பதை நிறுத்துவார். அவருடைய வண்டிதான் டிக்டிக் என்னும். ஆளைக் காணாமல் வருபவர் மிதித்துக்கொண்டே வருவார். அவருடைய வண்டி சத்தமின்றி வரும். எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் இந்தக் காவலன் தூங்குகிறான். மாட்டின் மணியோடு பிரீவீலை ஒப்பிடுவது இந்த இடத்தில் பொருந்தாது. மாடு நடக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கும், பிரீவீல் அப்படியல்ல.

சத்தத்தை ஒழித்த வழிகள்

பல்லையும் நாக்கையும் விட்டுவிட்டால் டிக்கும் போய்விடும். இதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் சாக்ஸ். 1903-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த டார்பிடோ ஹப்பில் நாக்குக்குப் பதில் உருளைகள். மிதிக்கும்போது அவை சாய்தளத்தில் ஏறி ஹப்பின் சுவரில் இறுகும். மிதி நின்றால் தளரும். பின்னால் மிதித்தால் பிரேக். பிரேக் கம்பி இல்லை, சத்தமும் இல்லை. ஐரோப்பாவில் பெரும் வெற்றி பெற்ற இந்த வடிவம் நம் சாலைகளில் வேரூன்றவில்லை. இங்கே நிலைத்தது ராடு பிரேக்கும் நாக்குப் பிரீவீலும். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் முதல், 2001-02-இல் தொடங்கிப் பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்த அரசின் விலையில்லாச் சைக்கிள்கள்வரை அதுதான் நடைமுறை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உருளை அமைப்பு துல்லியமான பரப்பைக் கேட்கும். அதைப் பழுது பார்க்கத் தேர்ந்த கை வேண்டும். நாக்குப் பிரீவீலோ கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு லூதியானாவிலிருந்து வரும் புதியதை மாட்டிவிடலாம். சத்தமின்மைக்கு இங்கே யாரும் தனி விலை கொடுக்கத் தயாராக இருந்ததில்லை.

இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் இதற்கு நடுவில் ஒரு விசித்திரம். 1936-இல் வந்த அதன் ஏ.டபிள்யூ. வகை, இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதிக்கும்போதே டிக்டிக் என்னும். முதல் கியரில் மிதித்தால் ஓசையிராது. முதல் கியரில் இருக்கிறோமா இல்லையா என்பதைக் காதாலேயே அறியலாம். சத்தம் குறையா குணமா என்ற கேள்விக்கு, சத்தம் ஒரு செய்தி என்று அந்த ஹப் பதில் சொன்னது எனலாம்.

உயர் விலைச் சந்தையில் மௌனத்தை மீட்கும் முயற்சி 2018-இலும் நடந்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் உச்ச வகை மலைச்சைக்கிள் ஹப்பில், மிதி நின்றதும் பற்கள் முழுக்க விலகிக்கொள்ளும் அமைப்பை அறிவித்தது. பின்னர் அதைக் கைவிட்டு வழக்கமான நாக்கு அமைப்புக்கே திரும்பியது. பெரிய நிறுவனம் ஒன்று பின்வாங்கியதை வைத்து மௌனம் இயலாதது என்று முடிவு கட்ட முடியாது. ஸ்ப்ராக் எனப்படும் சாய்ந்த எஃகுத் துண்டுகளைக் கொண்டு ஓசையே இல்லாத ஹப் செய்யும் சிறு நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. விலையும் எடையும் கூடுதல் என்பதே அவற்றின் மேல் உள்ள குறை.

சத்தத்தை விற்றவர்கள்

இதற்கு நேர் எதிரான முகாம், சத்தத்தைத் தரத்தின் முத்திரையாக மாற்றியது. பின்னணி தொழில்நுட்பம்தான். 20 பல் உள்ள பிரீவீலில் நாக்கு அடுத்த பல்லைப் பிடிப்பதற்குள் அதன் வெளி வளையம் 18 பாகைவரை வெறுமையில் சுற்றலாம். செங்குத்தான மலைப்பாதையில் அந்த வெறுமை வண்டியைச் சாய்த்துவிடும். ஆகவே பற்களைக் கூட்டினார்கள். அமெரிக்காவின் கிறிஸ் கிங் நிறுவனத்தின் ஹப்பில் 72 பல். வெறுமை 5 பாகைதான். மணிக்கு 25 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 220-க்கு மேல் தட்டும். தேனீயின் சிறகு வினாடிக்கு ஏறத்தாழ 230 முறை அடிக்கிறது. கோபித்த தேனீ என்று அந்த ஹப்புக்குப் பட்டப்பெயர் விழுந்ததில் கவித்துவத்தைவிடக் கணிதமே அதிகம்.

இதோடு ஒலிபெருக்கியும் சேர்ந்தது. 1978-இல் ஷிமானோ பிரீவீலை ஹப்போடு இணைத்த வடிவத்தைக் கொண்டுவந்தது. அது பரவியபின் நாக்குகள் ஹப்பின் உடலோடு நெருங்கின. பழைய மெல்லிய எஃகு ஹப்பைவிட அகன்ற, உள்ளே குழிந்த அலுமினிய ஹப் அந்த அடியை வாங்கி மத்தளம்போலப் பெருக்குகிறது. நம் ஊரில் கியர் சைக்கிள் வாங்கிய பையன்கள் மிதிப்பதை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதைக் கவனித்தவர்களுக்குக் காரணம் விளங்கும். இந்த முகாமின் பலவீனம் வெளிப்படை: விரைந்து பிடிப்பது தரம், சத்தம் அதன் பக்கவிளைவு. பக்கவிளைவையே தரமாக விற்றால், பல் குறைவான, சத்தம் மட்டும் பெரிதான ஹப்பும் நல்ல விலைக்குப் போகும். சமதளக் கரிசலில் 18 பாகை வெறுமை யாருக்கும் இடைஞ்சல் செய்ததில்லை. இங்கே ஓட்டுபவருக்குப் பெரிய தொல்லை சீமைக்கருவேல முள். அது சத்தமே போடாமல் வேலையை முடிக்கும்.

சக்தி வீணாகிறதா?

சத்தம் போடுவதற்கும் சக்தி வேண்டுமே, அது யார் கால் உழைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. தோராயமாகக் கணக்கிடலாம். நாக்கை அழுத்த நூறு கிராம் எடையளவு விசை, அழுத்தும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், இரண்டு நாக்குகள் வினாடிக்கு 38 முறை துள்ளுவதற்கு ஆகும் சக்தி 0.1 வாட்டுக்கும் கீழே. அதே 15 கிலோமீட்டர் வேகத்தில், ஆளும் வண்டியுமாக 80 கிலோவை உருட்ட, டயரின் உராய்வுக்கு மட்டும் 30 வாட் அளவுக்குப் போகலாம். காற்று குறைந்த டயரோடு ஓட்டுபவர் பிரீவீல் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவது, வாய்க்கால் உடைப்பை விட்டுவிட்டுச் சொம்பு ஒழுகலை அடைப்பது போல. இந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம்.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். நாக்குப் பிரீவீலின் டிக்டிக் குறையல்ல. நாக்கு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஒழிக்க வேண்டியது கரகர. ஒழிக்கும் வழி கழுவுவது, மேலே மேலே எண்ணெய் விடுவதல்ல. திடீரென்று ஊமையாகும் பிரீவீலைக் கரிசலில் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதே நல்லது. டிக்கின் சீர் மாறினால், அதாவது ஒரு சுற்றுக்குள் வலுத்தும் மெலிந்தும் கேட்டால், இரண்டு நாக்குகளில் ஒன்று சோர்ந்திருக்கலாம். மற்றொன்று முழுப் பாரத்தையும் தனியே சுமந்துகொண்டிருக்கும்.

தீராதவையும் உண்டு. நடப்பவரின் பாதுகாப்புக்கு இந்தச் சத்தம் உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பது வாத அளவிலேயே நிற்கிறது. சாலையில் லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் இரைச்சல் பெருகிய பிறகு அந்த உதவி குறைந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். மின்சார ஸ்கூட்டர்கள் பெருகும் நாளில் அது மறுபடி கூடவும் கூடும். களியும் எண்ணெயும் சேர்ந்து எத்தனை நாளில் நாக்கை ஒட்டவைக்கின்றன, எந்த எண்ணெய்க்கு அந்த நாள் நீள்கிறது, எண்ணெயே விடாமல் ஓட்டினால் தேய்மானம் எவ்வளவு என்பவை எண்ணிக்கையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஐரோப்பிய மழைக்கும் அமெரிக்க மலைப்பாதைக்கும் சொன்ன விடைகளை இங்கே இரவல் வாங்க முடியாது.

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோவில்பட்டி கே.ஆர். நகரில் 1984 முதல் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மண்ணை அறிந்த ஆராய்ச்சி நிலையம் அதே ஊரில் இருக்கிறது. நான்கு புதுப் பிரீவீல், நான்கு வகை எண்ணெய், சலித்த கரிசல் மண் ஒரு படி, தேரி மணல் ஒரு படி, ஸ்டாண்டு போட்ட ஒரு சைக்கிள், ஒலியைப் பதிய ஒரு செல்போன். இறுதியாண்டு மாணவர்கள் யாராவது புரட்டாசி விதைப்பில் தொடங்கி மாசி அறுவடைக்குள் முடித்துவிடலாம்.

அதுவரை, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிகட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். டிக் ஒரே சீராகக் கேட்டால் எண்ணெய்க் கேனை எடுக்க வேண்டாம்.